நாலாம் பக்கத்துப் பத்தி

கிடங்கில் மாதம் ஒருமுறை வாசிப்பு நடக்கும். மதியச் சாப்பாடு முடிந்து, வயிறு கனத்துக் கண் செருகுகிற நேரமாகப் பார்த்து ஞானசேகரன் அதை வைப்பார். படையில் வாரண்ட் ஆபிசராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். இப்போது தனியார் கம்பெனி ஒன்றுக்குக் கிடங்கு மேலாளர். பதவி போனாலும் அழைப்பு போகவில்லை. படையில் வாரண்ட் ஆபிசரை மரியாதையாகக் கூப்பிடுகிற மலாய்ச் சொல்லால் இங்கும் எல்லாருக்கும் அவர் 'எஞ்சிக்'தான்.

கிராஞ்சிக்குப் போகிற சாலையில் இருந்து உள்ளே தள்ளி இருந்தது கிடங்கு. கூடாரம், கொசுவலை, ஸ்ட்ரெச்சர், மழைக்கோட்டு, வெட்டவெளியில் சமைக்கிற அடுப்பு என்று எல்லாம் கூரையை முட்ட அடுக்கியிருக்கும். சாமான் படையுடையது, பார்த்துக்கொள்வது கம்பெனி. படைச் சேவை முடித்து வெளியே வேலை பார்க்கிற ரிசர்விஸ்ட் ஆட்களை அவசரமாகத் திரும்ப அழைக்கிற நாளில் எந்தப் பெட்டி எங்கே இருக்கிறது என்று தேடிக்கொண்டிருக்க முடியாது. அதனால் எண்ணுவது இங்கே ஒரு தனி வேலை.

படைக்குச் சாமான் வாங்குகிறவர்களும், அதைக் காக்கிறவர்களும், ஏற்றி இறக்குகிறவர்களும் படிக்கவென்றே ஓர் ஆங்கிலப் பத்திரிகை வருகிறது. எஞ்சிக் அதில் ஒரு கட்டுரையை எடுத்து ஒருவர் கையில் கொடுப்பார். கொடுக்கப்பட்டவர் அதைப் படித்துக்கொண்டு வந்து, பேக்கிங் பகுதியில் சாமான் அடுக்குகிற மரப் பேலட்டுகளின் மேல் உட்கார்ந்திருக்கும் மற்றவர்களுக்கு வாசித்து விளக்க வேண்டும். முடிந்ததும் எஞ்சிக் ஒரே கேள்விதான் கேட்பார்: "சரி, இது நம்ம கிடங்குக்கு என்ன சொல்லுது?"

பத்திரிகை ஒன்றே ஒன்று. மற்றவர்கள் காதால் கேட்பதோடு சரி. வாசிக்கிறவர் எதை விட்டுவிட்டாலும் யாருக்கும் தெரியப்போவதில்லை. விடவும் செய்தார்கள். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற ரஃபீக் போன தடவை முதல் பத்தியையும் கடைசிப் பத்தியையும் வாசித்துவிட்டு, "நடுவுல இதையேதான் இழுத்து இழுத்துச் சொல்லியிருக்கான் லா" என்று முடித்துவிட்டான். அதற்கும் கைதட்டினார்கள்.

இந்த மாதம் எஞ்சிக் மருதப்பனைப் பிடித்துக்கொண்டார்.

"எனக்கா எஞ்சிக்? என் இங்கிலீஷை நீங்க கேட்டதில்லையே."

"தீயணைக்கிற சிலிண்டர்ல ஒட்டியிருக்கிறதைக்கூடச் சாப்பிட்டுக்கிட்டே படிக்கிற ஆளு நீ. பாத்திருக்கேன். இதைப் படிக்க மாட்டியா? இந்தத் தடவை படையில இருந்து கேப்டன் வைஷாலி வராங்க. பெட்டி எண்ணுற அந்தக் கணக்கு மெஷினைச் சோதனைக்கு விடலாமா வேணாமான்னு அன்னைக்கே பேசி முடிச்சிடுவாங்க. கட்டுரையும் அதைப் பத்தித்தான். நல்லா படிச்சிட்டு வா."

மருதப்பன் கட்டுரையைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டார், நனைந்துவிடக் கூடாதே என்று. வெளியே மழைகூட இல்லை.

அவருக்கு எழுத்து பிந்தித்தான் வந்தது. இரண்டாம் வகுப்போடு பள்ளி நின்றுபோனது. பஃப்ளோ ரோட்டில் வெங்காய மூட்டையும் கிழங்கு மூட்டையும் தூக்கியே முப்பது வயதும் நாற்பதும் கடந்தன. சமூக மன்றத்து வகுப்பில் முதலில் தமிழ், பிறகு ஆங்கிலம் என்று எழுத்துக்கூட்டிப் படித்து மேலே வந்தவர். இன்றைக்கும் அவர் வாசிப்பு மூட்டை தூக்குவது மாதிரிதான். ஒரு வரியை எடுத்து, நாலு எட்டு நடந்து, இறக்கி வைத்துவிட்டு அடுத்ததற்கு வருவார்.

புக்கிட் பாத்தோக் வீட்டுக்குப் போகிற பேருந்திலும், மாலையில் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே கல் மேசையிலும் உட்கார்ந்து கட்டுரையை இறக்கி முடித்தார். எழுதியவர் வெளிநாட்டுப் படை ஒன்றில் மேஜர். இளம் அதிகாரியாக இருந்தபோது ஏணியில் ஏறி டயர் எண்ணுகையில் விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டாராம். அங்கிருந்துதான் கட்டுரையே தொடங்கியது. மனிதர் ஏறி எண்ண வேண்டியதில்லை. புறா அளவுக்கு ஒரு ட்ரோன் ரேக்குகளுக்கு நடுவே பறந்து, பெட்டிகளில் ஒட்டியிருக்கும் டேக்குகளைப் படித்துவிடும் என்று எழுதியிருந்தார். எப்படி வாங்குவது, வாங்கும் முன் எப்படிச் சோதிப்பது, எதில் ஏமாறுவார்கள் என்று வரிசையாக, பொறுமையாகச் சொல்லியிருந்தார். மருதப்பனுக்கு அந்த மேஜரைப் பிடித்துப்போனது. பட்டவன் எழுதுகிறான் என்று தோன்றியது.

நாலாம் பக்கத்தில்தான் அந்தப் பத்தி இருந்தது. கை எண்ணிக்கையில் வருகிற பிழைகளில் பெரும்பகுதி உயரத்தில் நின்று எண்ணும் வயதான ஆட்களால் வருகிறது. களைப்பும் நடுக்கமும் கணக்கில் இறங்குகின்றன. ஆகவே முதலில் எடுக்க வேண்டியது அவர்களைத்தான். அவர்களை வேறு பணிகளுக்கு மாற்றிவிடலாம்.

இந்தக் கிடங்கில் அப்படி ஒரே ஓர் ஆள்தான் இருந்தார். அப்துல் முத்தலிப். அறுபதைத் தாண்டியவர். ஃபோர்க்லிஃப்ட் தூக்குகிற கூண்டில் நின்று மேலே போய், டார்ச் அடித்து, பெட்டி பெட்டியாக எண்ணுவார். கீழே நின்று எழுதிக்கொள்பவர் மருதப்பன். பல வருஷமாக அந்த இரண்டு பேரும் ஒரு ஜோடி. மேலே இருந்து வருகிற குரலை வைத்தே பாய்க்கு அன்றைக்கு முட்டி வலியா இல்லையா என்று மருதப்பன் சொல்லிவிடுவார். அண்மையில் வலிக்காத நாள் என்று ஒன்று இல்லை.

மெஷின் வந்தால் பாய்க்கு என்ன ஆகும் என்பது கிடங்கில் எல்லாருக்கும் தெரியும். கம்பெனிக்குச் சாங்கியில் இன்னொரு கிடங்கு இருக்கிறது. அங்கே எப்போதும் அட்டைப்பெட்டி ஒட்ட ஆள் தேவைப்படும். இரவு ஷிப்டு, நின்றுகொண்டே வேலை. பாயின் மனைவிக்குக் கண் பார்வை மங்கிக்கொண்டே வருகிறது. இருட்டுவதற்குள் பாய் வீட்டில் இருந்தாக வேண்டும்.

மறுநாள் தேநீர் நேரத்தில் பாய் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"என்ன மருது, பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி மூஞ்சை வெச்சிருக்கே. அதுல என்னதான் போட்டிருக்கு?"

"இன்னும் முடிக்கல பாய்."

"பொய் சொல்லாதடா. உன் காது சிவக்குது." பாய் பிஸ்கட்டைத் தேநீரில் முக்கினார். "ஆளுங்களைப் பத்தி ஏதாச்சும் போட்டிருக்கா?"

மருதப்பன் சட்டைக்குள் இருந்த கட்டுரை மேல் கையை வைத்துக்கொண்டார். அதுவே பதிலாகிவிட்டது.

"அந்தப் பாராவை மட்டும் விட்டுடு," என்றார் பாய், பிஸ்கட்டைப் பார்த்தபடி. "ரஃபீக் விடலையா? வானமா இடிஞ்சு விழுந்துச்சு? அந்தக் கேப்டன் பொண்ணு வந்து கேக்கப்போகுது. காதுல விழுந்தாத்தானே மனசுல தங்கும். நான் வேற எதுவும் கேக்கல. ஒரே ஒரு பாரா."

மருதப்பன் கோப்பையை எடுத்துக்கொண்டு எழுந்து போனார்.

அன்று மாலை கல் மேசையில் உட்கார்ந்து, நாலாம் பக்கத்துப் பத்தியை விட்டுவிட்டு மெதுவாக வாசித்துப் பார்த்தார். ஒட்டுத் தெரியவே இல்லை. அதைத் தாண்டிப் போனால் கட்டுரை முன்னைவிடச் சுருக்கமாக, அழகாகக்கூட இருந்தது. அதுதான் அவரைப் பயமுறுத்தியது.

மூட்டை தூக்கிய காலத்தில், காலையில் சுமை இறங்கியதும் ஆட்கள் எல்லாம் டன்லப் தெரு முனையில் ஒரு கோப்பிக்கடையில் கூடுவார்கள். வெற்றிலைக் கடைக்காரர் ஒருவர் அங்கே தமிழ்ப் பேப்பரைச் சத்தமாகப் படிப்பார். நல்ல குரல். நல்ல மனுஷன். அவருக்குப் பிடித்த பந்தாட்டக் குழு தோற்ற நாளில் "இன்னைக்கு விளையாட்டுச் செய்தி போடல" என்பார். எல்லாரும் சிரித்துக்கொள்வார்கள். விளம்பரமாக வருகிறதையும் அவர் படிப்பதில்லை, சலிப்பாக இருக்கும் என்று. பின்னாளில் சமூக மன்றத்து வகுப்பில் முதல் நாள் ஆசிரியை கேட்டார்: "இவ்வளவு வருஷமா பேப்பர்ல இந்த வகுப்புக்கு அறிவிப்பு போட்டுக்கிட்டே இருந்தோமே, நீங்க யாரும் பாக்கலையா?" மருதப்பன் தலையைக் குனிந்துகொண்டார். அந்த அறிவிப்பு எத்தனையோ காலை அவர் காதுக்கு ஒரு முழம் தள்ளி, அந்த மேசை மேலேயே விரிந்து கிடந்திருக்கிறது. வெற்றிலைக் கடைக்காரர் மேல் கோபம் வரவில்லை. ஆனால் அடுத்தவர் வாயால் உலகத்தைக் கேட்கிறவனுக்கு எது வரவில்லை என்பதே தெரியாது என்று அன்றைக்குப் புரிந்தது.

புதன்கிழமை வாசிப்பில் அந்தப் பேலட்டுகளில் உட்காரப்போகிறவர்களுக்கு அவரே வெற்றிலைக் கடைக்காரர். பாயும் அதில் ஒருவர்.

ஞாயிற்றுக்கிழமை பாயைத் தேக்கா சந்தைக்கு வரச் சொன்னார். ஊரில் இருந்து கட்டுமான வேலைக்கு வந்த பிள்ளைகள் வாரம் ஒருநாள் விடுப்பில் குவிந்து, மீன் வாங்குகிறவர்களோடும் சேலை பார்க்கிறவர்களோடும் இடித்துக்கொண்டிருந்தார்கள். உணவங்காடியில் ஒரு மூலை மேசையைப் பிடித்து, முர்தபா ரொட்டியும் தே தாரிக் தேநீரும் வாங்கி வைத்துவிட்டு மருதப்பன் கட்டுரையை விரித்தார்.

"பாய், முழுசாப் படிக்கிறேன். தமிழ்ல சொல்றேன். நடுவுல எழுந்திரிக்கக் கூடாது."

"நான் என்ன சொன்னேன், நீ என்ன பண்றே?"

"கேளுங்க மொதல்ல."

பாய்க்கு ஓதத் தெரியும். எண்களும் தெரியும். ஆங்கில எழுத்து தெரியாது. முர்தபாவைத் தள்ளி வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார். மேஜர் ஏணியில் இருந்து விழுந்த இடத்தில் "அடப்பாவமே" என்றார். ட்ரோன் பறக்கிற இடத்தில் உதட்டைப் பிதுக்கினார். நாலாம் பக்கம் வந்தது. மருதப்பனின் குரல் இறங்கியது. ஆனாலும் ஒரு சொல்லையும் மெழுகவில்லை. வயதான ஆட்கள் என்று இருந்ததை வயதான ஆட்கள் என்றே சொன்னார்.

பாய் கட்டியிருந்த கையை அவிழ்த்தார்.

"என் பொழப்புல மண்ணு விழறதை என்னைய கூப்பிட்டு வெச்சு, முர்தபாவும் வாங்கிக் குடுத்துப் படிச்சுக் காட்டுறே. உனக்கு நல்லா இருக்கா மருது?"

"நல்லா இல்ல பாய்."

"அப்புறம் எதுக்கு?"

"புதன்கிழமை எல்லார் நடுவுலயும் நீங்க மொத தடவையா கேக்கக் கூடாது. விட்டுட்டுப் படிச்சா அதைவிட மோசம். நாளைக்கு அந்தப் பாராவை வெச்சு எவனாச்சும் உங்களை அனுப்புவான். எதுக்கு அனுப்புறான்னே உங்களுக்குத் தெரியாது."

பாய் தே தாரிக்கைக் குடிக்காமல் கோப்பையைச் சுற்றிக்கொண்டே இருந்தார். பக்கத்து மேசையில் ஓர் இளம் தொழிலாளி வீடியோ அழைப்பில் தன் குழந்தைக்கு முத்தம் கொடுத்துக்கொண்டிருந்தான்.

"அந்த இடத்தைத் திரும்பப் படி," என்றார் பாய்.

படித்தார்.

"இன்னொரு வாட்டி. மெதுவா."

படித்தார். பாய் தலையை ஆட்டினார். அது சம்மதமில்லை, கணக்கில் ஒரு பெட்டி குறைகிறபோது ஆட்டுவாரே, அந்த ஆட்டல்.

"'வேற பணி'ங்கிறானே. என்ன பணி?"

மருதப்பன் குனிந்து பார்த்தார். அடுத்த பத்தியைப் பார்த்தார். ஐந்தாம் பக்கத்தைத் திருப்பினார். ஆறாம் பக்கத்தில் பேட்டரியைப் பற்றி இருந்தது.

"போடல பாய்."

"நல்லாத் தேடு."

"இல்ல பாய். 'மாற்றிவிடலாம்'னு எழுதி முடிச்சிட்டாரு."

"இடுப்பு முறிஞ்சவனே இப்படி எழுதுறான் பாரு," என்றார் பாய். முர்தபாவை இழுத்து ஒரு துண்டு பிய்த்தார். "புதன்கிழமை ஒரு சொல்லும் விடாமப் படி. நான் முன்னாடி வந்து உக்காருவேன். எவன் என் மூஞ்சியைப் பாக்கிறான்னு நானும் பாக்கிறேன்."

புதன்கிழமை முன்னால்தான் உட்கார்ந்தார். கேப்டன் வைஷாலிக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். மற்றவர்களைப் பார்த்துவிட்டு அவரும் பேலட்டிலேயே உட்கார்ந்தார். சின்னப் பெண், நிறையத் தூங்காத கண்.

மருதப்பன் வாசித்தார். இரண்டு இடத்தில் திக்கினார். மேஜர் விழுந்த இடத்தில் ரஃபீக் சிரித்துவிட்டு, யாரும் சிரிக்காததைப் பார்த்து இருமினான். நாலாம் பக்கம் வந்ததும் அந்த இடமே இறுகிப்போனது. அலுவலக எழுத்தர் முனீரா தரையைப் பார்த்தாள். எல்லாரும் பாயின் முகத்தைப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டார்கள். பாய் மட்டும் நிமிர்ந்து ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வாசித்து முடித்ததும் எஞ்சிக் தொண்டையைக் கனைத்தார். "சரி, இது நம்ம கிடங்குக்கு என்ன சொல்லுது?"

இந்தக் கேள்வியை நினைத்துத்தான் மருதப்பன் சரியாகத் தூங்கவில்லை. வாசிப்பது வேறு, தன் வாயால் சொல்வது வேறு.

"எழுதினவர் சொல்றது சரி எஞ்சிக்," என்றார். "மேல ஏறி எண்ணுறது மனுஷன் செய்யிற வேலை இல்ல. பாய்க்கு முட்டி தாங்கல. கூண்டு மேல போறப்போ நான் கீழ நின்னு மூச்சைப் பிடிச்சுக்கிட்டு இருப்பேன். மெஷின் வரட்டும்."

யாரோ "அலாமாக்" என்று பதறினார்கள். பாய் அசையவில்லை.

"ஆனா ஒரு இடத்துல அவர் தாண்டிப் போயிட்டாரு." மருதப்பன் பக்கத்தைத் திருப்பி விரலை வைத்தார். "மெஷின் எவ்வளவு நேரம் பறக்கும், எப்படிச் சார்ஜ் போடணும், ரிப்பேர் ஆனா எங்க வெக்கணும், யாரு தொடைக்கணும், எல்லாம் ரெண்டு பக்கத்துக்கு எழுதியிருக்காரு. மனுஷனை எங்க வெக்கணும்னா, வேற வேலைக்கு மாத்திடலாம், அவ்வளவுதான். என்ன வேலை, எந்த எடம், பகலா ராவா, ஒண்ணும் இல்ல. நான் ஒரு பாராவையும் விடல மேம். அவருதான் ஒரு பாராவை விட்டுட்டாரு."

கேப்டன் கை நீட்டிக் கட்டுரையை வாங்கினார். "நான் சம்மரி மட்டும்தான் படிச்சேன் அங்கிள், உண்மையைச் சொல்லணும்னா," என்றார். நாலாம் பக்கத்தை நிறுத்தி நிதானமாகப் படித்தார். பிறகு சொன்னார்: "நீங்க சொல்றது புரியுது. ஆனா நாங்க இங்க வாங்குறது சர்வீஸ். கணக்கு சரியா வருதா, பொருள் நல்லா இருக்கா, அதைத்தான் கான்ட்ராக்ட்ல பாக்க முடியும். யாரு எண்ணுறாங்க, அவங்களை எங்க போடுறீங்க, அதெல்லாம் கம்பெனி விஷயம். நாங்க உள்ள வர முடியாது."

"கம்பெனியைக் கேட்டா, படை மெஷின் போடச் சொல்லிச்சு, நாங்க என்ன பண்றதுன்னு சொல்லுவாங்க," என்றார் எஞ்சிக். அதை அவர் குறையாகவும் சொல்லவில்லை, வேடிக்கையாகவும் சொல்லவில்லை. பல வருஷமாக இந்த இரண்டு பக்கத்துக்கும் நடுவில் நின்றவர் குரல் அது.

விட்டுப்போன அந்தப் பத்தியை எழுத வேண்டியவர் என்று யாருமே இல்லை என்பது மருதப்பனுக்கு அப்போதுதான் உறைத்தது. மேஜர் கம்பெனி பார்த்துக்கொள்ளும் என்று விட்டிருப்பார். கம்பெனி படை பார்க்கும் என்று விடும்.

"அப்ப நாங்களே எழுதிட்டா?" என்றார் பாய். வாசிப்பு தொடங்கியதில் இருந்து அவர் பேசிய முதல் வார்த்தை. "எண்ணுனவன் நான். இந்த ஆளுக்கு எழுதத் தெரியும். வேற யாரை எதுக்குத் தேடணும்?"

ரஃபீக் மறுபடியும் சிரித்தான். இந்த முறை கேப்டனும் சிரித்தார், ஆனால் சீக்கிரம் நிறுத்திக்கொண்டார்.

"சோதனைத் திட்டத்துல 'இடத்துல வேலை செய்யிறவங்க கருத்து'ன்னு ஒரு பகுதி இருக்கு அங்கிள். எப்பவும் காலியாத்தான் வரும். வெள்ளிக்கிழமைக்குள்ள குடுங்க, நான் சேர்த்து மேல அனுப்புறேன். சோதனையை நிறுத்த முடியாது, அது நடக்கும். நீங்க எழுதுனதை ஏத்துக்குவாங்கன்னும் நான் வாக்குக் குடுக்க முடியாது."

"சோதனை எத்தனை மாசம் மேம்?"

"ஆறு. அதுவரைக்கும் மெஷின் எண்ணுறதை ஒருத்தர் எண்ணிச் சரிபாக்கணும். அது கண்டிப்பா வேணும்."

"அப்ப ஆறு மாசம் இருக்கு," என்றார் பாய், யாரிடம் என்று இல்லாமல்.

கேப்டன் போனதும் ஆட்கள் அவரவர் வேலைக்குக் கலைந்தார்கள். எஞ்சிக் மருதப்பனைத் தாண்டிப் போகிறபோது தோளில் கை வைத்தார், ஏதோ சொல்ல வந்தார், "வேலையைப் பாரு" என்றுவிட்டுப் போனார்.

வியாழக்கிழமை மதியம் இரண்டு பேரும் ஸ்ட்ரெச்சர் ரேக்குக்குப் பின்னால் ஒரு பெட்டியை மேசையாக்கி உட்கார்ந்தார்கள். தமிழில் எழுதிக் கொடுத்தால் ஆங்கிலத்தில் போட்டுத் தருவதாக முனீரா சொல்லியிருந்தாள். மருதப்பன் வெள்ளைத் தாளை எடுத்துவிட்டாரே தவிர, முதல் சொல் வரவில்லை. இத்தனை வருஷமும் அவர் படித்திருக்கிறார். மற்றவர்கள் படிக்கும்படி எதையும் எழுதியதில்லை.

"எதுல ஆரம்பிக்கிறது பாய்? இத்தனை வருஷம் நீங்க இங்க நல்லா வேலை பாத்தீங்கன்னு போடட்டுமா?"

"சேச்சே. கருமாதிப் பத்திரிகை மாதிரி இருக்கு." பாய் முட்டியை நீட்டிப் பிடித்துவிட்டுக்கொண்டார். "நேத்து எல்லார் முன்னாடியும் என் முட்டியைப் பத்திச் சொன்னியே, எனக்கு உன்னை அறையணும்போல இருந்துச்சு. தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சா சரி." கொஞ்ச நேரம் ரேக்கின் உச்சியைப் பார்த்தார். அங்கே அவர் கையால் எண்ணிய பெட்டிகள் இருட்டுக்குள் வரிசையாக இருந்தன. "அதுலயே ஆரம்பி. மேல ஏற என்னால முடியலன்னு போடு. நாமளே சொல்லிடுவோம்."

மருதப்பன் எழுதினார். எழுத்து பெரிது பெரிதாக வந்தது. ஒரு வரிக்கே தாளில் நல்ல இடம் போய்விட்டது.

"போட்டுட்டேன். அடுத்து?"

"அடுத்து, தரையில நின்னு என்னால என்ன முடியும்னு போடணும்," என்றார் பாய். "இரு. அவசரப்படாதே. யோசிச்சுச் சொல்றேன்."

மருதப்பன் பேனாவைத் தாளில் வைக்காமல் பிடித்தபடி காத்திருந்தார்.